நூற்றறுபது சதுர அடியில் ஒன்பது பேர்: மும்பை சால் வாழ்க்கை பற்றி ஒரு கேள்வி

#1 டிலைல்ரோடு | வெள்ளி, இரவு 10:42

போன மாசம் மும்பை போயிருந்தேன். நான் பிறந்து வளர்ந்த பி.டி.டி. கட்டடம் (தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் அரசு கட்டிய சால்) இடிபடப் போகிறது என்று பழைய பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணியிருந்தார். லோயர் பரேல் பக்கம், என்.எம். ஜோஷி மார்க். தொழிற்சங்கத் தலைவர் பெயரை ரோட்டுக்கு வைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் டிலைல் ரோடுதான் வருகிறது.

சால் என்றால் தெரியாதவர்களுக்கு: நம்மூர் ஒண்டுக்குடித்தனத்தையோ லைன் வீட்டையோ மாடி மாடியாக அடுக்கிக்கொள்ளுங்கள், அதுதான். ("சாலை இடிக்கிறார்கள்" என்று எழுதினால் ரோட்டை இடிப்பதாகப் படிப்பீர்கள். அதனால் "கட்டடம்" என்றே எழுதுகிறேன்.) எங்களுடையது தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. மாடிக்கு 20 ரூம். நடுவில் நீளமாக இருட்டுப் பாஸேஜ், இரண்டு பக்கமும் கதவுகள். கக்கூஸ் எல்லோருக்கும் பொது.

இப்போது அந்த ரூமில் இருக்கும் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு டேப் வைத்து அளந்தேன். மூலையில் இருக்கும் மோரியையும் சேர்த்து 160 சதுர அடிக்கு விரல்கடை குறைவு. மோரி என்பது முட்டியளவுகூட உயரமில்லாத ஒரு கட்டை கட்டி மறித்த இடம். பாத்திரம், துணி, குளியல் எல்லாம் அதற்குள். குளிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சேலைத் திரை.

இதில் ஒன்பது பேர் இருந்தோம். கட்டில் மேல் பாட்டி. கட்டிலுக்கு அடியில் அக்காவும் அத்தை மகளும். கட்டிலுக்கும் மோரிக்கும் நடுவில் அம்மா. கதவை ஒட்டி அப்பா. மாளாவில் (பரண்தான், மரத்தில் அடித்தது) அண்ணன். வெளியே பாஸேஜில் சித்தப்பாவும், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மாமா பையனும்.

இரண்டு கேள்வி. ஒன்று, நூறு வருஷம் முன்னால் உட்கார்ந்து பிளான் போட்டவர்கள் எதை நினைத்து இந்த அளவு வைத்தார்கள்? இரண்டு, சாலில் இருந்த யாரைக் கேட்டாலும் "அந்த ஒற்றுமை இனி வருமா" என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி மதுரைக்காரி. கூட வந்து ரூமைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஒத்துமை இல்லீங்க, இடமில்லாம ஒட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

#2 நாலாம்மாடி | வெள்ளி, இரவு 11:05

அண்ணே, அண்ணி சொன்னது தப்பு. நான் லால்பாகில் ஒரு தனியார் சாலில் பதினெட்டு வருஷம் இருந்தவன். கணபதி பத்து நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே இல்லை. தாத்தா செத்த அன்று தமிழ்ச் சடங்கு ஒன்றும் தெரியாத மராத்திக்காரர்கள்தான் மூங்கில் வாங்கி வந்து பாடை கட்டினார்கள். இப்போது தாணேயில் ஃபிளாட். எதிர்வீட்டுக்காரர் பெயர் கூரியர்காரனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

#3 கணக்கப்பிள்ளை | வெள்ளி, இரவு 11:20

டிலைல்ரோடு சார், பாட்டி, அக்கா, அத்தை மகள், அம்மா, அப்பா, அண்ணன், சித்தப்பா, மாமா பையன். எட்டுதான் வருகிறது. நீங்கள் எங்கே படுத்தீர்கள்?

#4 டிலைல்ரோடு | வெள்ளி, இரவு 11:31

அட, என்னையே விட்டுவிட்டேனே! மாளாவில் அண்ணன் கூடத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பரணின் அகலத்தையும் அளந்தேன், இரண்டு பேர் படுக்க முடியாது. நிச்சயமாக ஞாபகம் இல்லை. நாசிக்கில் அக்கா இருக்கிறாள், கேட்டுச் சொல்கிறேன்.

#5 சுவடிப்பூச்சி | சனி, காலை 7:15

முதல் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பாயின் முதல் பஞ்சாலையை 1854ல் தொடங்கியவர் காவஸ்ஜி தாவர். தார்தேவில், 1856ல் ஓட ஆரம்பித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை பருத்தி விலை ஏறி ஊரில் பணம் கொட்டியது, போர் முடிந்ததும் சரிந்தது. ஆலைகள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. அவற்றில் வேலை செய்ய ரத்னகிரியிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்தவர்கள் எங்கே படுப்பார்கள் என்பது முதலாளிக்கும் கவலை இல்லை, அரசுக்கும் கவலை இல்லை. காலி மனை வைத்திருந்தவன் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டான். ஆலையைச் சுற்றி முளைத்த அந்த வட்டாரத்துக்குக் கிரண்காவ் என்று பெயர். ஆலையூர் என்று அர்த்தம்.

கவலை வந்தது 1896 செப்டம்பரில். துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக். இது பிளேக்தான் என்று முதலில் சொன்னவர் அகாசியோ வியேகாஸ் என்ற டாக்டர். சில மாதத்தில் கிட்டத்தட்டப் பாதி ஊர் காலி. ஆலையில் தறி இருக்கிறது, ஆள் இல்லை. எலியும் தெள்ளும்தான் காரணம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, கெட்ட காற்றும் இருட்டும் என்று நினைத்தார்கள். அதனால் வெயில் இறங்கட்டும் என்று வீட்டு ஓடுகளைப் பிரித்தார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். "மனிதர் வசிக்கத் தகாதது" என்பதன் சுருக்கமாக யு.எச்.எச். என்று சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். குடியிருந்தவன் எங்கே போவான் என்பது அந்த மூன்று எழுத்தில் இல்லை.

1898ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வந்தது. நெருக்கமான பேட்டைகளை இடித்து, கடல்காற்று உள்ளே வரட்டும் என்று பிரின்சஸ் ஸ்ட்ரீட், சாண்டர்ஸ்ட் ரோடு போன்ற அகலமான தெருக்களை வெட்டியது. இடிபட்ட வீட்டுக்காரன் அடுத்த தெருவில் ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்த ரூமில் ஒன்பதாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தான். டிரஸ்ட் ஏழைகளுக்கும் சில சால்கள் கட்டியது. ஆனால் அதன் அழகான வேலை எல்லாம் தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்ததுதான். நம்மவர்கள் மாட்டுங்காவில் ஃபில்டர் காபி குடித்துக்கொண்டு "என்ன அகலமான தெரு" என்று மெச்சுகிறோமே, அதுவும் பிளேக் தந்த தெருதான்.

முதல் உலகப் போர் முடிந்தபோது வாடகை எட்ட முடியாத உயரம். கவர்னர் ஜார்ஜ் லாயிட் 1920ல் பாம்பே டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட்டை ஆரம்பித்தார். பி.டி.டி. அதன் சுருக்கம். ஊருக்குள் வரும் பருத்திப் பொதிக்கு ஒரு ரூபாய் வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். 50,000 ரூம் கட்டுவதாகப் பேச்சு. முடிந்தது 207 கட்டடம், 16,000 சொச்சம் ரூம். வொர்லியில் 121, நாய்காவில் 42, உங்கள் டிலைல் ரோட்டில் 32, சிவ்ரியில் 12.

160 சதுர அடி எப்படி வந்தது என்றால், போர் முடிந்த கையோடு சிமெண்டும் இரும்பும் விலை ஏறிக் கிடந்த நேரம். ஆலைத் தொழிலாளி கொடுக்கக்கூடிய வாடகையைப் பார்த்தார்கள், கட்டும் செலவைப் பார்த்தார்கள், இரண்டும் எந்த அளவிலும் சேரவில்லை. முடிந்த மட்டும் சுருக்கினார்கள். அப்படியும் நஷ்டம். வொர்லி அப்போது ஊருக்கு வெளியே, ஆலைக்கு நடக்க தூரம், கடை கண்ணி இல்லை. கட்டிய ரூம்கள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 1930ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் பிடித்தவர்களை அடைக்க இடமில்லாதபோது அரசு அந்த வொர்லிக் கட்டடங்களைத் தற்காலிகச் சிறையாக்கியது. பெரிய மாற்றம் எதுவும் செய்யத் தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1931 கணக்கெடுப்பில் பம்பாய் மக்களில் 74 சதவீதம் பேர் ஒற்றை அறையில் இருந்தார்கள். அந்தக் காலத்துக்கு உங்கள் வீடு விதிவிலக்கே இல்லை.

#6 தாராவிச்செல்வி | சனி, காலை 9:48

நாலாம்மாடி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீங்க. ஒற்றுமை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ஆம்பிளைங்களாகவே இருக்கிறீர்களே, அதுக்குத்தான்.

என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தாராவித் தோல் கிடங்குக்கு வந்தவர். நாங்கள் இருந்தது தரையோடு தரையான சால், உங்களுடையது மாதிரி கான்கிரீட் இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு குழாய். தண்ணீர் விடிகாலை நாலு மணிக்கு வரும், ஆறுக்குள் நின்றுவிடும். ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்து, நம்முடையது இதுதான் என்று அடையாளத்துக்கு ஒரு துணி கட்டிவிட்டு வருவோம். நாலு மணிக்குப் போனால் துணி இருக்கும், குடம் மூணாவது இடத்திலிருந்து ஏழாவதுக்குப் போயிருக்கும். அப்புறம் என்ன, தமிழ், மராத்தி, உருது மூணிலும் வசவு கற்றுக்கொண்டது அந்தக் குழாயடியில்தான். பகலில் அதே அக்காமார்தான் "உங்க வீட்டில் புளி இருக்கா" என்று வருவாங்க. இரண்டும் நிஜம்.

கக்கூஸ் விஷயம் சொல்லட்டுமா? ஆம்பிளைங்க டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று அரசியல் பேசுவீங்க. நாங்கள் ஊர் முழிக்கும் முன்னால் போகணும், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு. நடுவில் வந்தால் அடக்கணும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கம்மா தண்ணீரே குடிக்க மாட்டாள். இன்றைக்குச் சிறுநீரகக் கல்லுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். டாக்டர் "நிறைய தண்ணி குடிங்கம்மா" என்கிறார். நாற்பது வருஷப் பழக்கம், போக மாட்டேங்குது.

#7 நாலாம்மாடி | சனி, காலை 10:20

செல்வி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. எங்கள் மாடியிலும் அப்படித்தான் இருந்திருக்கும், நான் கவனிக்கவில்லை என்பதே உண்மை. ஆனால் பாடை கட்டினார்களே, அதுவும் நடந்ததுதானே?

#8 சங்குசத்தம் | சனி, மதியம் 1:30

பெரம்பூரிலிருந்து ஒரு கிழவன் எழுதுகிறேன். என் தகப்பனார் பி அண்டு சி மில்லில் நெசவு இலாகா. பக்கிங்ஹாம் மில் 1876, கர்நாடிக் மில் 1881, பின்னால் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். உங்கள் ஊரில் ஆலைச் சங்குக்கு போங்கா என்பார்களாம், எங்களுக்கு சங்குதான். வீட்டில் கடிகாரம் கிடையாது. சங்கு ஊதினால் சாதம் வடிக்கணும், இன்னொரு தரம் ஊதினால் அப்பா வாசலைத் தாண்டியிருக்கணும்.

ஒற்றுமை பற்றிப் பேசுகிறீர்கள். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த ஆலையின் வாசலில்தான். பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, பிறகு திரு.வி.க. பெருமையாகச் சொல்வோம். அதே சங்கம் 1921 வேலைநிறுத்தத்தில் சாதியாகப் பிளந்தது. ஆதி திராவிடத் தொழிலாளிகளில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு வரை போனது. ஒரே ஆலை, ஒரே சங்கு. ஆனால் வீடு திரும்பியபோது யார் எந்தச் சேரிக்கு, யார் எந்தத் தெருவுக்கு என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்தது.

பம்பாயிலும் இதே கதைதானே? தறியில் தார் (நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் புதுத் தாரின் நூல் நுனியை நாடாவின் (தறியில் குறுக்கே ஓடும் ஓடம்) துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். இன்னொருத்தன் வாய் பட்டதில் நான் வாய் வைப்பதா என்று சொல்லி நெசவுப் பிரிவில் தீண்டப்படாதார் என்று ஒதுக்கியவர்களைச் சேர்க்கவே இல்லை. அதிகக் கூலி உள்ள பிரிவு அதுதான் என்பதைக் கவனிக்கணும்.

#9 சுவடிப்பூச்சி | சனி, மதியம் 2:05

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டாக்டர் அம்பேத்கர் 1912லிருந்து 1934 வரை இருந்தது பரேலில் டிரஸ்ட் கட்டிய சாலில், முதல் எண் கட்டடம், 50, 51 ஆம் ரூம்கள். ஒன்றில் குடும்பம், மற்றதில் படிப்பும் வந்து போகிறவர்களும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பாரிஸ்டர், பொதுக் கக்கூஸுக்கு வரிசையில் நின்றிருக்கிறார்.

#10 கிளைட்ஓரம் | சனி, மாலை 6:40

கிளாஸ்கோவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். கப்பல் கட்டும் தொழிலாளிகள் இருந்த கோவன் பக்கம் என் வீடு. டிலைல்ரோடு அண்ணன் டேப் வைத்து அளந்தார் என்று படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் இங்கே அரசாங்கமே அளந்தது.

சிங்கிள் எண்ட் என்பார்கள். ஒரே அறை, சுவரில் ஒரு குழிவு, அதற்குள் படுக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சின்ன வீடுகளை எல்லாம் நகராட்சி அளந்தது. நீள அகலம் மட்டும் இல்லை, உயரத்தையும் சேர்த்துக் கன அடி. 2,000 கன அடிக்கு உட்பட்ட வீடென்றால் கதவில் ஒரு தகரத் தகடு அடித்துவிடுவார்கள். அதில் கன அடியும், உள்ளே எத்தனை பெரியவர்கள் தூங்கலாம் என்பதும் இருக்கும். ஆளுக்கு 300 கன அடி வீதம் கணக்கு, குழந்தை என்றால் பாதி ஆள்.

இதைச் சோதிக்க நடுராத்திரி இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் கணக்குக்கு மேலே இருக்கிறவர்கள் அலமாரிக்குள், படுக்கைக்கு அடியில், கூரை மேல். பிடிபட்டால் அபராதம் குடியிருக்கிறவனுக்கு. கூட்டமாக இருப்பது நோய்க்குக் காரணம் என்று தெரிந்த அரசுக்கு, கூட்டமாக இருப்பவனை ராத்திரி எழுப்பி அபராதம் போடுவதுதான் மருந்தாகத் தோன்றியிருக்கிறது. உங்கள் யு.எச்.எச். எழுத்தும் எங்கள் தகரமும் ஒரே பட்டறையில் அடித்தவை.

ஒற்றுமை பற்றி: 1915ல் போர் நடக்கும்போது வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில். மேரி பார்பர் என்ற பெண்மணி கோவன் பெண்களைத் திரட்டினார். ஜப்தி செய்ய ஆள் வருகிறான் என்று தெரிந்தால் ஒருத்தி மணி அடிப்பாள். மாடி மாடியாகப் பெண்கள் இறங்கி வருவார்கள், கையில் மாவுப் பொட்டலம். வந்தவன் வெள்ளையாகத் திரும்பிப் போவான். அந்த வருஷ டிசம்பரிலேயே வாடகையை நிறுத்தி வைக்கும் சட்டம் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு 2018ல் கோவனில் சிலை வைத்தார்கள், தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கிறேன்.

ஒரே படிக்கட்டு, ஒரே கக்கூஸ் என்று இருந்ததால்தான் மணி அடித்ததும் எல்லோருக்கும் கேட்டது. அண்ணி சொன்ன "இடமில்லாமல் ஒட்டிக்கொண்டது" சரிதான். ஆனால் அது சில நேரம் ஆயுதமும் ஆகியிருக்கிறது.

#11 தாராவிச்செல்வி | சனி, மாலை 6:58

மாவுப் பொட்டலம் 👏 எங்கம்மாவிடம் சொல்லப் போகிறேன்.

#12 கணக்கப்பிள்ளை | சனி, இரவு 8:30

எல்லோரும் ரூமுக்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் கணக்குப் பார்க்கிறவன், ஆதலால் கேட்கிறேன்: இந்தக் கூலியில் ஒரு மனுஷன் எப்படிப் பிழைத்தான்?

பதில் ரூமில் இல்லை, கொங்கணில் இருக்கிறது. ஆலைக்கு வந்தவர்களில் ரொம்பப் பேர் தனி ஆளாக வந்தவர்கள். பெண்டாட்டி, பிள்ளை, தாய் தகப்பன் எல்லாம் ரத்னகிரியில். அங்கே கொஞ்சம் நெல், கொஞ்சம் கேழ்வரகு. பிள்ளை பிறப்பதும் வளர்வதும் ஊரில், உடம்பு முடியாமல் போனால் கிடப்பதும் ஊரில். ஆலை முதலாளி கொடுத்தது ஒரு ஆளின் வயிற்றுக்கும் ஒரு பாய் அளவு இடத்துக்கும்தான். மிச்சச் செலவு முழுவதையும் கிராமத்துப் பெண்பிள்ளைகள் சுமந்தார்கள். குடும்பத்தோடு வாழ ரூம் வேண்டும் என்றால் குடும்பத்துக்கான கூலி கொடுக்கணும். பாய் போட ரூம் என்றால் பாதிக் கூலி போதும். 160 சதுர அடியின் ரகசியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே கிராமத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு ரூம் பிடிப்பார்கள். பெட்டி சுவரோரம், பாய் முறை வைத்து. ஏழு மணி ஷிப்டுக்காரன் எழுந்து போனால் நடுராத்திரி ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். இருபது பேர் பெயர் இருக்கும் ரூமில் எந்த நேரத்திலும் இருபது பேர் இருக்க மாட்டார்கள்.

பிறகு வாடகைச் சட்டம். கிளாஸ்கோவில் 1915 என்றால் பம்பாயில் 1918லேயே போர்க்கால வாடகைச் சட்டம் உண்டு. 1947 சட்டம் வாடகையை 1940 நிலையில் நிறுத்திவிட்டது. குடியிருந்தவன் பிழைத்தான், நல்லது. ஆனால் வீட்டுக்காரன் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டான், புதிதாக யாரும் வாடகைக்குக் கட்டவும் மாட்டான். ரூம் கைமாறும்போது ரசீது இல்லாமல் ஒரு பெருந்தொகை கைமாறும், அதற்குப் பெயர் பகடி. தமிழில் அதற்குக் கேலி என்று அர்த்தம், பொருத்தம்தான்.

#13 சுவடிப்பூச்சி | சனி, இரவு 9:12

கணக்கப்பிள்ளை சார், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பேரேட்டில் ஒரு வரவு விட்டுப்போயிற்று. 1928ல் ஆறு மாசம் வேலைநிறுத்தம் நடந்தது. ஆறு மாசம் கூலி இல்லாமல் எந்தத் தொழிலாளி தாங்குவான்? ஊரில் கஞ்சி இருந்தது, கிளம்பிப் போனார்கள். முதலாளிக்குக் கூலியை மிச்சம் பிடித்துக் கொடுத்த அதே கிராமம்தான் முதலாளியை எதிர்க்கவும் தெம்பு கொடுத்தது. 1982 ஜனவரி 18ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்களே, அப்போதும் எஸ்.டி. (அரசு) பஸ் பிடித்து ஊருக்குப் போனவர்கள் ஏராளம். கொங்கண் ரயிலெல்லாம் 1998ல்தானே வந்தது. அந்த முறை மட்டும் கஞ்சி போதவில்லை. முதலாளிகளுக்கு ஆலை ஓடாமல் கிடப்பதில் பெரிய வருத்தம் இல்லை, அடியில் இருந்த நிலம் அதைவிட விலை போகும் நிலைமை வந்துகொண்டிருந்தது.

#14 மட்டுறுத்துநர் | சனி, இரவு 9:40

1982 வேலைநிறுத்தம் யாரால் தோற்றது என்ற சண்டை இந்த மன்றத்தில் ஏற்கெனவே இரண்டு முறை இழை பூட்டும் அளவுக்குப் போயிருக்கிறது. கட்சிப் பெயரோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

#15 தாராவிச்செல்வி | ஞாயிறு, காலை 11:15

கணக்கப்பிள்ளை ஐயா, கிராமத்துப் பெண்களைச் சொன்னீங்க, நன்றி. பம்பாயில் இருந்த பெண்களையும் சொல்லணும்.

தனி ஆளாக வந்தவன் எங்கே சாப்பிட்டான்? காணாவளி. நம்ம மெஸ்தான், ஆனால் போர்டு கிடையாது. புருஷன் செத்தவள், புருஷன் குடிகாரன், இப்படி ஒருத்தி தன் ஒரே ரூமில் இருபது இருபத்தைந்து பேருக்குச் சமைப்பாள். மூணு ஷிப்டு என்றால் மூணு வேளைச் சமையலும் மூணு தடவை. மாசம் முடிந்து சம்பளம் வந்தால்தான் அவளுக்குக் காசு. அதுவரை மளிகைக் கடையில் கடன், கடனுக்குத் தாலி அடகு. 1975ல் பிரேமா புரவ் என்ற கம்யூனிஸ்ட் அம்மா இவர்களைச் சேர்த்து அன்னபூர்ணா மகிளா மண்டல் ஆரம்பித்து வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார். அதுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் இவர்கள் தொழிலாளி இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறவர்கள்.

ஆலைக்குள்ளேயும் பெண்கள் இருந்தார்கள், 1920களில் ஐந்தில் ஒருத்தர் அளவுக்கு. நூல் சுற்றும் பிரிவில். ராத்திரி வேலை பெண்களுக்குக் கூடாது, பிரசவத்துக்குக் காசு கொடுக்கணும் என்று நல்ல சட்டங்கள் வரவர, "அப்போ பெண்ணே வேண்டாம்" என்று முதலாளிகள் கழற்றிவிட்டார்கள். போனவர்களில் எத்தனை பேர் காணாவளி அடுப்புக்குப் போனார்களோ.

#16 டிலைல்ரோடு | ஞாயிறு, இரவு 9:50

அக்காவிடம் பேசிவிட்டேன். அரை மணி நேரம் சிரித்தாள், பிறகு திட்டினாள்.

நான் எங்கள் ரூமில் படுத்ததே கிடையாதாம்.

எங்களுக்கு எதிர்ப்பக்கம் 14ஆம் நம்பர். கணக்கப்பிள்ளை சார் எழுதினாரே, அதே மாதிரி ரூம். சிந்துதுர்க் பக்கத்து ஒரே கிராமத்து ஆட்கள், எல்லோரும் ஆலைக்காரர்கள். ராத்திரி ஷிப்டு பன்னிரண்டுக்கு ஆரம்பம். பதினொன்றரைக்கு அவர்கள் கிளம்பும்போது இரண்டு பாய் காலியாகும். எனக்கு அஞ்சு வயசு ஆனதிலிருந்து அப்பா என்னைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டுவிட்டு வருவாராம். காலை ஏழரைக்கு அவர்கள் வந்து என்னை எழுப்பி எதிர்க்கதவில் விட்டுவிட்டுப் படுப்பார்களாம். எனக்கு ஞாபகம் இருப்பது அம்மா டீ போட்டுக் கொடுப்பதிலிருந்துதான். அதனால் எங்கள் ரூமிலேயே எழுந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"தினம் காலையில உன் தலையெல்லாம் பஞ்சு. அவங்க பாய், தலகாணி எல்லாம் மில்லுப் பஞ்சு ஒட்டியிருக்கும், மெஷின் எண்ணெய் நாத்தம் வேற. சீப்பை வெச்சு எடுத்து எடுத்தே எனக்கு ஸ்கூலுக்கு லேட் ஆகும்" என்றாள்.

82 ஜனவரியில் ஸ்டிரைக். எனக்கு எட்டு வயசு. ராத்திரி ஷிப்டு இல்லை, எந்த ஷிப்டும் இல்லை. 14ஆம் நம்பரில் எல்லா ஆளும் ராத்திரி ரூமிலேயே, அவர்களுக்கே கால் நீட்ட இடமில்லை. அன்றிலிருந்து நான் சித்தப்பாவோடு பாஸேஜில். இரண்டு மூன்று மாசத்தில் அவர்கள் ஒவ்வொருத்தராக ஊருக்குப் போய்விட்டார்கள். ரூம் பூட்டியே கிடந்தது. பூட்டுக்கு வெளியே நான் படுத்திருந்திருக்கிறேன்.

பாஸேஜில் படுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரிய பையன் ஆகிவிட்டேன் என்று வெளியே படுக்க விட்டார்கள் என்று இத்தனை வருஷம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

#17 நாலாம்மாடி | ஞாயிறு, இரவு 10:02

அண்ணே.

#18 கணக்கப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10:10

ஒன்பது. கணக்கு சரியாகிவிட்டது.

14ஆம் நம்பர்காரர்கள் பிறகு திரும்பி வந்தார்களா? ஆலைத் தொழிலாளிகளுக்கு என்று 2012ல் லாட்டரி போட்டு 225 சதுர அடியில் வீடு கொடுக்க ஆரம்பித்தார்களே, அதில் யாருக்காவது கிடைத்ததா?

#19 டிலைல்ரோடு | ஞாயிறு, இரவு 10:31

இரண்டு பேர் திரும்பி வந்து வேறு ஏதோ வாட்ச்மேன் வேலை பார்த்ததாக அக்கா சொல்கிறாள். பெயர் அவளுக்கும் சரியாக ஞாபகம் இல்லை, "மாமா" என்றுதான் கூப்பிடுவோம். வொர்லியில் 2025 ஆகஸ்டில் 556 பேருக்கு 500 சதுர அடியில் புது வீட்டுச் சாவி கொடுத்தார்கள், எங்கள் பக்கமும் அதே அளவுதான் வருமாம். ஆனால் அது இப்போது ரூம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு. பாய் முறை வைத்துப் படுத்தவர்கள் பெயர் எந்த ரசீதிலும் இருக்காது.

இடிக்கிறதற்கு முன்னால் இன்னொரு தடவை போகிறேன். இந்த முறை 14ஐ அளக்கணும்.